சத்தியம் செய்யாதீர்கள்: களப்பணிக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

வேலையில் சேர்ந்து நான்காவது மாதம். ஓர் அரசுப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுத்து முடித்துவிட்டு, சார்ட்டுகளைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டிருந்தேன். எல்லோரும் ஓடிவிட்டார்கள். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகுவதும் திறப்பதுமாக வாசலிலேயே நின்றாள். "அக்கா, ஒண்ணு சொல்லணும். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க."

நான் யோசிக்கவே இல்லை. அவள் கையைப் பிடித்துச் சத்தியம் செய்துவிட்டேன்.

அவள் சொன்னது, அவள் வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஓர் ஆளைப் பற்றி. அன்று சாயங்காலமே நான் போலீசுக்குத் தகவல் கொடுத்தேன். சட்டப்படி வேறு வழி இல்லை, நியாயப்படியும் இல்லை. மறுநாள் அவளைப் பார்த்தபோது, "நீங்களும் பொய்தான் சொன்னீங்க" என்றாள். அவ்வளவுதான். அப்புறம் பல வாரம் என்னோடு பேசவில்லை. வாக்குமூலம் கொடுக்கும்போதும் பாதியை விழுங்கிவிட்டாள். இனி யாரை நம்பி அவள் முழுதாகச் சொல்வாள்?

தகவல் கொடுத்ததில் தப்பில்லை. தப்பு அந்தச் சத்தியத்தில் இருந்தது. அதை ஏன் செய்தேன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். அந்த நிமிடம் அவள் என்னை நம்புகிறாள் என்பது எனக்குப் பிடித்திருந்தது. அந்தச் சத்தியம் அவளுக்காக இல்லை, எனக்காக. அதிலிருந்து ஒவ்வொரு முடிவுக்கு முன்னாலும் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்கிறேன்: இது யாருடைய நிம்மதிக்காக?

குழந்தைகள், தனியாக இருக்கும் முதியவர்கள், மனநலச் சிக்கல் உள்ளவர்கள், வீட்டில் அடி வாங்கும் பெண்கள் என இவர்களோடு வேலை செய்யப் புதிதாக வந்திருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப் பணி முதுகலைப் படிப்பு படித்துவிட்டு வந்திருந்தாலும் சரி, பிளஸ் டூ முடித்துவிட்டு ஊர்த் தன்னார்வலராக இருந்தாலும் சரி. டாக்டர் தவறு செய்தால் கேட்க மருத்துவக் கவுன்சில் இருக்கிறது, வக்கீலுக்கு பார் கவுன்சில் இருக்கிறது. சமூகப் பணியாளர்கள் எல்லோருக்கும் பொதுவாக அப்படி உரிமம் கொடுத்து, உரிமத்தைப் பறிக்கவும் கூடிய ஒரு கவுன்சில் நம் நாட்டில் இல்லை. அதனால் நம்மை நாமே கேள்வி கேட்டுக்கொள்ளும் பழக்கம் நமக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகவே வேண்டும்.

நல்ல மனசு இருந்தால் போதும், தானாகச் சரியான முடிவு வந்துவிடும் என்று நினைக்கிறவர்களுக்கு ஏர்வாடியை நினைவுபடுத்துவேன். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலம் பாதிக்கப்பட்டவர்களைத் தங்கவைத்திருந்த ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. அவர்களை அங்கே கொண்டுவந்து விட்ட குடும்பங்களில் பலர் குணமாகும் என்று நம்பி விட்டவர்கள்தான். ஓடிவிடக் கூடாது, எங்காவது விழுந்துவிடக் கூடாது என்றுதான் சங்கிலி போடப்பட்டது. 'பாதுகாப்புக்காக' என்ற வார்த்தையை யாராவது சொன்னால் நான் ஒரு நிமிடம் நின்றுவிடுவேன். யாருடைய பாதுகாப்பு?

முதலில் நோட்டில் மூன்று கட்டம்

புதிய வீட்டுக்குப் போய்விட்டு வந்ததும் எந்த முடிவும் எடுக்காதீர்கள். நோட்டில் பக்கத்தை மூன்றாகப் பிரித்து பார்த்தது, கேட்டது, நினைத்தது என்று தலைப்புப் போடுங்கள். 'அம்மா பிள்ளையைக் கவனிப்பதில்லை' என்று ஒரு பெண் ரிப்போர்ட் எழுதிக் கொண்டுவந்தார். மூன்றாகப் பிரிக்கச் சொன்னேன். பார்த்தது: காலை 11 மணி, மூன்று வயதுக் குழந்தை வாசலில் தனியாக, சட்டை இல்லாமல். கேட்டது: பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது, அம்மா நூறு நாள் வேலைக்குப் போயிருக்கிறார், நான்தான் பார்த்துக்கொள்கிறேன். நினைத்தது: அம்மாவுக்குப் பொறுப்பில்லை. எழுதி முடித்ததும் அவரே மூன்றாவதை அடித்துவிட்டு, 'அங்கன்வாடி ஏன் போகவில்லை என்று கேட்க வேண்டும்' என்று எழுதினார். கேட்டதில் தெரிந்தது: வீட்டுக்கும் அங்கன்வாடிக்கும் நடுவில் ஒரு மெயின் ரோடு, தாண்டிக் கூட்டிப்போக ஆள் இல்லை. பிரச்சினை அந்த ரோடுதான்.

'குடும்பச் சூழல் சரியில்லை', 'ஒழுக்கம் இல்லாத வீடு' போன்ற வார்த்தைகள் எப்போதும் மூன்றாவது கட்டத்தில் இருந்துதான் வரும். பல நேரம் அதற்கு அடியில் நம் சாதியும் நாம் வளர்ந்த வீடும் இருக்கும்.

இன்று ராத்திரி எங்கே தூங்குவார்?

அடுத்தது இந்தக் கேள்வி. கொள்கை, சட்டம் எல்லாம் அப்புறம். இந்த ஆள் இன்று ராத்திரி எங்கே தூங்கப்போகிறார், அங்கே யார் இருப்பார்கள், அவரை அடித்தவரோ தொட்டவரோ அதே வீட்டில் இருக்கிறாரா? பதில் பயமாக இருந்தால் அன்றைக்கே ஏதாவது செய்தாக வேண்டும். குழந்தைக்கு 1098, பெண்ணுக்கு 181, முதியவருக்கு 14567, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதென்றால் 14416, போலீஸ் உடனே வேண்டுமென்றால் 112. இந்த ஐந்தையும் போனில் சேமித்தால் மட்டும் போதாது, நோட்டின் பின் அட்டையிலும் எழுதிவையுங்கள். போன் சார்ஜ் தீரும் நாளில்தான் தேவைப்படும்.

பதில் பயமாக இல்லை என்றால், உங்களுக்கு நேரம் இருக்கிறது என்று அர்த்தம். அதை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வேலையில் நான் பார்த்த மோசமான முடிவுகளில் பாதி, அவசரமே இல்லாத இடத்தில் அவசரமாக எடுத்தவை.

சட்டம் ஏற்கெனவே முடிவெடுத்த இடங்கள்

சில விஷயங்களில் நீங்கள் தராசு பிடிக்க வேண்டியதில்லை. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர் மீது பாலியல் குற்றம் நடந்தது என்று தெரிந்தாலோ, நடக்கும் என்ற அச்சம் இருந்தாலோ, போக்சோ சட்டம் 2012, பிரிவு 19இன்படி சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர் போலீசுக்கோ தகவல் சொல்ல வேண்டும். அந்தக் கடமை 'எந்த ஒரு நபருக்கும்' உண்டு. நிறுவனத்துக்கு மட்டும் இல்லை, உங்களுக்கும். சொல்லாமல் விட்டால் பிரிவு 21இன்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழ் உள்ளவர் செய்த குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மீது வழக்குப் போட முடியாது என்பதையும் அதே சட்டம் சொல்கிறது.

இதைச் சொல்லிவைப்பது ஏன் என்றால், அந்த நாளில் உங்களைச் சுற்றி நாலு பேர் நிற்பார்கள். "ஸ்கூல் பேரு கெட்டுடும்." "பொட்டப்புள்ள வாழ்க்கை, நாளைக்கு யாரு கட்டிக்குவா?" "நாங்களே உள்ளுக்குள்ள விசாரிச்சு அனுப்பிடுறோம், நீங்க பெருசு பண்ணாதீங்க." இதைச் சொல்கிறவர்களில் நல்லவர்களும் இருப்பார்கள், அதுதான் கஷ்டம். உள்ளுக்குள் விசாரிப்பது என்றால், அந்தப் பிள்ளையை எச்.எம். அறையில் நிறுத்தி நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பது. நடந்ததா என்று நிரூபிப்பது உங்கள் வேலை இல்லை. அவள் வாயால் வந்ததை அப்படியே கேட்டு, அதே வார்த்தையில் எழுதி, தகவல் கொடுப்பது வரைதான். 'அவர் உன்னை அங்க தொட்டாரா?' என்று நீங்கள் எடுத்துக் கொடுத்தால் நாளைக்குக் கோர்ட்டில் அதுவே அவளுக்கு எதிராகத் திரும்பும். 'அப்புறம் என்ன நடந்துச்சு?' போதும்.

சரி, சத்தியம் கேட்டால் என்ன சொல்வது? நான் இப்போது சொல்வது இது. வார்த்தையை உங்கள் ஊருக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள், பொருளை மாற்றாதீர்கள்:

"நீ சொல்றதை ஊர்ல, கிளாஸ்ல யார்கிட்டயும் பேச மாட்டேன். ஆனா உனக்கோ வேற பிள்ளைக்கோ ஆபத்துன்னு தெரிஞ்சா, உன்னைக் காப்பாத்தக்கூடிய ரெண்டு மூணு பேர்கிட்ட நான் சொல்லித்தான் ஆகணும். யார்கிட்ட சொல்லப்போறேன்னு முதல்ல உன்கிட்ட சொல்லுவேன். இப்ப சொல்றியா, யோசிச்சுட்டு வர்றியா?"

இதைக் கேட்டுவிட்டுச் சில பிள்ளைகள் "ஒண்ணுமில்லக்கா" என்று போய்விடுவார்கள். அது வலிக்கும். பின்னாலேயே ஓடிப் பிடிக்காதீர்கள். அடுத்த வாரம் அதே நாள், அதே நேரம் அந்த இடத்தில் இருங்கள். என் அனுபவத்தில் பெரும்பாலான பிள்ளைகள் திரும்பி வந்திருக்கிறார்கள். வரும்போது, நான் எதைச் செய்வேன், எதைச் செய்ய மாட்டேன் என்று தெரிந்துகொண்டு வருகிறார்கள். போனவளுக்கு ஆபத்து என்று நினைக்கக் காரணம் இருந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது, அன்றே மேலதிகாரியிடம் பேசிவிட வேண்டும்.

தகவல் கொடுப்பதற்கு முன், அடுத்து என்ன நடக்கும் என்று பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள். வாக்குமூலம் அவள் வீட்டிலோ அவள் சொல்லும் இடத்திலோ எடுக்கலாம். கூடியவரை சப்-இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாத பெண் அதிகாரி வர வேண்டும், யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வரக் கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளையை ராத்திரியில் ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. பெண் பிள்ளையைப் பெண் டாக்டர்தான் பரிசோதிக்க வேண்டும், அம்மாவோ அவள் நம்பும் வேறு ஒருவரோ கூட இருக்கலாம். பிள்ளைகளின் பாதுகாப்பு பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவுக்கு, போலீஸ் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். இதெல்லாம் சட்டத்தில் இருக்கிறது, ஆனால் ஸ்டேஷனில் தானாக நடக்கும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். கூடப் போங்கள். "மேடம், மஃப்டியில வர முடியுமா?" என்று கேட்பது உங்கள் வேலையின் ஒரு பகுதி.

சட்டம் இருக்கிற இடத்தில் எல்லாம் சுலபம் என்றும் சொல்ல மாட்டேன். 17 வயதுப் பெண், அவள் விரும்பிய பையன், கர்ப்பம், ஆரம்ப சுகாதார நிலையம். போலீசுக்குத் தகவல் போகும் என்ற பயத்தில் டாக்டரிடமே போகாமல், கடையில் மாத்திரை வாங்கிப் போட்டு உயிருக்குப் போராடிய பெண்ணைப் பார்த்திருக்கிறேன். 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு வழி சொன்னது: இப்படி விரும்பிப் பழகிய உறவில் கருவுற்றுக் கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவளுடைய காப்பாளரும் கேட்டுக்கொண்டால், டாக்டர் கொடுக்கும் தகவலில் அவள் பெயரும் அடையாள விவரங்களும் இருக்கத் தேவையில்லை. இது தெரியாத ஆஸ்பத்திரிகள் இன்னும் இருக்கின்றன. அந்தப் பெண்ணை டாக்டரிடம் சேர்ப்பது முதலில், பயமுறுத்துவது எப்போதும் வேண்டாம்.

அவரிடம் கேட்டீர்களா?

சட்டம் முடிவெடுக்காத இடம்தான் அதிகம். அங்கே முடிவெடுக்க வேண்டியவர் பெரும்பாலும் நீங்கள் இல்லை, அவர்.

கரிசல் காட்டு ஊர் ஒன்றில் ஒரு பாட்டி. எழுபதைத் தாண்டிய வயது, ஓட்டு வீடு, பின்பக்கம் ஒழுகும். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். மழை நாளில் ராத்திரி கக்கூஸுக்குப் போகும்போது வழுக்கி விழுந்து, விடியும் வரை சேற்றிலேயே கிடந்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்கள் போன் செய்தார்கள்: "கூட்டிட்டுப் போய் ஹோம்ல சேர்த்துடுங்க, எங்களால பார்த்துக்கிட்டு இருக்க முடியல." டவுனில் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் காலி இருந்தது. நான் விண்ணப்பத்தை எடுத்து, பெயர், வயது, முகவரி எல்லாம் நிரப்பிக்கொண்டு போய்த்தான் அவர் முன்னால் உட்கார்ந்தேன். கைநாட்டு மட்டும்தான் பாக்கி.

அவர் படிவத்தைப் பார்க்கவில்லை. "அங்க போனா ஆட்டுக்கு யாரு தாயி தழ போடுவா?" என்றார்.

எனக்கு அப்போது எரிச்சல்தான் வந்தது. விழுந்து சாகக் கிடந்தவர் ஆட்டைப் பற்றிப் பேசுகிறாரே என்று. கூட வந்திருந்த மூத்த பணியாளர் ஒருவர் என்னைப் பேச விடாமல் தடுத்து, "ஆடு எத்தனை பாட்டி?" என்று கேட்டார். அரை மணி நேரத்தில் எல்லாம் வெளியே வந்தது. இரண்டு ஆடும் அவர் கைக்காசு. வருடம் ஒரு குட்டியை விற்றுத்தான் மருந்து, பேத்திக்குத் துணி. வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் கொழுந்தன் வகையறா உள்ளே வந்துவிடுவார்கள், பட்டா இன்னும் செத்துப்போன கணவர் பெயரில் இருக்கிறது. முதியோர் உதவித்தொகை நாலு மாதமாக வரவில்லை, ஆதாரில் கைரேகை விழவில்லை. பயம் ஒன்றே ஒன்றுதான்: ராத்திரி கக்கூஸ்.

நான் கொண்டுபோன படிவம் பக்கத்து வீட்டுக்காரர்களின் நிம்மதிக்காக. உண்மையைச் சொன்னால் என் நிம்மதிக்காகவும். ஹோமில் சேர்த்துவிட்டால் எனக்கு ராத்திரி தூக்கம் வரும்.

இந்தத் தப்பைச் செய்யாமல் இருக்கச் சில பழக்கங்கள் உதவுகின்றன. பேனாவை எடுக்கும் முன் 'உங்களுக்கு என்ன வேணும்?' என்று கேட்பது ஒன்று. 'எதுக்கு ரொம்பப் பயப்படுறீங்க?' என்பது இன்னும் நல்ல கேள்வி. தனியாகக் கேட்பது கட்டாயம். மகனோ மருமகளோ கூட நிற்கும்போது வரும் பதில் அவர்களுடைய பதில். "டீ போட்டுத் தர்றீங்களா?" என்று மருமகளைக் கொஞ்ச நேரம் உள்ளே அனுப்புவது இந்த வேலையில் பழைய உத்தி. இருக்கும் எல்லா வழியையும் சொல்லுங்கள், உங்களுக்குப் பிடித்ததை மட்டும் சொல்லாதீர்கள். பாட்டியின் விஷயத்தில் ஹோம், மகன் வீடு, இங்கேயே இருந்துகொண்டு கக்கூஸைச் சரிசெய்வது என்று மூன்று இருந்தன. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் மகனிடம் பராமரிப்புத் தொகை கேட்டு கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம் என்பதையும் சொன்னோம். "எம்மவன் மேல மனுவா?" என்று கையை உதறிவிட்டார். அதுவும் அவர் முடிவு.

'அவருக்குச் சரியாக முடிவெடுக்கத் தெரியவில்லையே' என்று தோன்றும். இதற்கு எனக்குப் பிடித்த அளவுகோல் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இல் இருக்கிறது. சொல்வது புரிகிறதா, ஒரு முடிவை எடுத்தால் அல்லது எடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று தெரிகிறதா, பேச்சாலோ சைகையாலோ தன் முடிவைச் சொல்ல முடிகிறதா என்று பார்க்கச் சொல்கிறது. அதோடு நிற்கவில்லை: ஒருவரின் முடிவு மற்றவர்களுக்குத் தவறாகத் தெரிகிறது என்பதாலேயே அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று ஆகிவிடாது என்றும் எழுதி வைத்திருக்கிறது. அந்தச் சட்டம் மனநலச் சிகிச்சைக்காக எழுதப்பட்டது. ஆனாலும் இந்த ஒரு வரியைப் புதிதாக வரும் ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்ய வேண்டும் என்பேன். தற்கொலைக்கு முயன்ற ஒருவரை அதே சட்டத்தின் பிரிவு 115, கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. எனவே ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்கும் ஆளிடம் "கேஸ் ஆயிடும்" என்று பயமுறுத்தும் உறவினர்களையும் ஊழியர்களையும் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

அவர் சொன்னதை மீறலாமா? எப்போதாவது, ஆம். சொல்வது எதுவும் அவருக்குப் புரியாத நிலை, யாரோ மிரட்டிச் சொல்லவைக்கிறார்கள் என்ற நிலை, வேறொருவர் உயிருக்கு ஆபத்து. அப்போதும் எவ்வளவு குறைவாக மீறினால் போதும் என்று பாருங்கள். குழந்தைகள் விஷயத்திலும் இதேதான். ஹோம் என்பது கடைசி வழி என்று 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டமே சொல்கிறது, பிள்ளையின் கருத்தையும் கேட்கச் சொல்கிறது.

அடிபடும் பெண்கள் விஷயத்தில் ஒன்று மட்டும். "வெளியே வந்துடுங்க" என்று முதல் நாளே சொல்லாதீர்கள்; "பேசித் தீர்த்துக்கலாம்" என்று கணவரைக் கூப்பிட்டு உட்காரவைக்கவே வைக்காதீர்கள். எந்த நம்பருக்கு, எத்தனை மணிக்குக் கூப்பிட்டால் ஆபத்தில்லை என்று கேட்டு வாங்குங்கள். எப்போது கிளம்புவது என்பதை அந்த வீட்டின் ராத்திரிகளைத் தெரிந்த அவரே முடிவு செய்யட்டும்.

படம், பணம், ஒரு டம்ளர் தண்ணீர்

பெரிய முடிவுகளில் எல்லோரும் கவனமாக இருப்பார்கள். தினமும் வழுக்குவது சின்ன விஷயங்களில்.

நிதி கொடுப்பவர்கள் படம் கேட்பார்கள். மீட்கப்பட்ட ஒரு பிள்ளையின் படத்தை, முகத்தை மங்கலாக்கித்தான், ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். பின்னால் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி. அதில் ஊராட்சியின் பெயர் பெரிய நீல எழுத்தில். அந்த ஊரில் அது யார் என்று கண்டுபிடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. சிறார் நீதிச் சட்டம் பிரிவு 74 பெயரை மட்டும் தடுக்கவில்லை; முகவரி, பள்ளி, அடையாளம் காட்டும் வேறு எந்த விவரமும் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். இப்படிப்பட்ட பிள்ளைகளின் படத்தை எடுக்கவே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. போனில் இல்லாத படம் எங்கேயும் போகாது.

பெரியவர்களுக்கு அரிசி மூட்டை கொடுக்கும்போதும் யோசியுங்கள். மூட்டையைக் கையில் வைத்துக்கொண்டு "போட்டோ எடுக்கலாமா?" என்று கேட்டால் யார் மாட்டேன் என்பார்கள்? முதலில் அரிசியைக் கொடுங்கள். வீட்டுக்குள் வைத்துவிட்டு வரட்டும். அப்புறம், "படம் எடுத்தாலும் எடுக்காட்டியும் அடுத்த மாசம் அரிசி வரும்" என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். அப்போது வரும் 'சரி'தான் சம்மதம். உதவி நம் கையில் இருக்கும்போது வாங்கும் கையெழுத்து எல்லாமே இப்படித்தான்.

பணம். "அக்கா, ஐநூறு ரூவா இருக்குமா, மாசக் கடைசில தந்துடுறேன்." ஒரு முறை என் கைக்காசைக் கொடுத்தேன். அடுத்த மாதம் நான் தெருவில் வருவதைப் பார்த்ததும் அந்தப் பெண் கதவைச் சாத்திக்கொண்டார். திருப்பித் தர முடியவில்லை. அந்த ஐநூறு ரூபாயில் எனக்கும் அவருக்கும் இருந்த பேச்சு போய்விட்டது, அவர் பிள்ளையின் பள்ளிக்கூட விஷயம் நட்டாற்றில் நின்றது. அவசரம் என்றால் நிறுவனத்தின் வழியாக, கடன் என்று இல்லாமல், எழுதி வைத்துக் கொடுங்கள்.

வாங்குவதில் இன்னும் நுணுக்கம் வேண்டும். கோழி, சேலை, பிள்ளைக்குக் கொலுசு எல்லாம் அன்பாக மறுத்துவிடலாம். ஆனால் ஒரு காலனி வீட்டில் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினால் வாங்கிக் குடியுங்கள். "வேணாம், இப்பதான் குடிச்சேன்" என்று நீங்கள் சாதாரணமாகத்தான் சொல்வீர்கள். அந்த வீட்டில் அது சாதாரணமாகக் கேட்காது. எத்தனையோ பேர் அந்த டம்ளரைத் தொடாமல் போயிருக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். அன்பளிப்பு வாங்கக் கூடாது என்று பயிற்சியில் சொன்னது இதற்குப் பொருந்தாது.

தனியாக முடிவெடுக்காதீர்கள், அன்றே எழுதுங்கள்

குழப்பமான எந்த விஷயத்திலும் ராத்திரிக்குள் இன்னொருவரிடம் வாய்விட்டுப் பேசிவிடுங்கள். சூப்பர்வைசர், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் இருப்பவர், மூத்த பணியாளர் யாராவது. பெயர் சொல்லாமலே கேட்கலாம். 'நான் இதைச் செய்யப்போறேன், ஏன்னா...' என்று சொல்லத் தொடங்கும்போதே காரணம் பலமா பலவீனமா என்று உங்கள் காதுக்கே தெரிந்துவிடும். மேலதிகாரியே மூடி மறைக்கச் சொன்னால்? போக்சோ விஷயம் என்றால், முன்னால் சொன்னபடி கடமை உங்களுடையது. நீங்களே 1098க்குப் பேசலாம், ஸ்டேஷனுக்கும் போகலாம். எத்தனை மணிக்கு யார் என்ன சொன்னார் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பயமாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது.

கேஸ் ஃபைலை, அந்த ஆளே நாளைக்கு எடுத்துப் படிப்பார் என்று நினைத்து எழுதுங்கள். 'நடத்தை சரியில்லாத பெண்' என்று யாரோ ஒருவர் எழுதிய மூன்று வார்த்தை, ஒரு பிள்ளையோடு மூன்று ஹோமுக்கும் குழந்தைகள் நலக் குழுவுக்கும் போனதைப் பார்த்திருக்கிறேன். அவள் செய்தது, ஒரு முறை அழுதுகொண்டே சுவர் ஏறிக் குதித்து அம்மாவைப் பார்க்க ஓடியது. அதை அப்படியே எழுதியிருக்கலாம். என்ன வழிகள் இருந்தன, அவர் என்ன சொன்னார், யாரிடம் பேசினேன், ஏன் இதைத் தேர்ந்தேன் என்று நாலு வரி போதும். ஃபைலைப் பஸ்ஸில் மடியில் விரித்துப் படிக்காதீர்கள். பக்கத்து சீட்டில் அந்த ஊர்க்காரர் இருப்பார்.

திரும்பிப் போய்ப் பாருங்கள்

முடிவு சரியா என்பது அன்றைக்குத் தெரியாது. ஒரு வாரம், ஒரு மாதம், மூன்று மாதம் என்று நோட்டில் தேதி போட்டுக்கொண்டு திரும்பப் போக வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் பெண்ணிடம் நான் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன். மூன்றாவது மாதம், "சத்தியம் பண்ணினது என் தப்பு, உன்கிட்ட முதல்லயே உண்மையைச் சொல்லியிருக்கணும்" என்றேன். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த முறை போனபோது கணக்கு நோட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பாட்டி வீட்டில் கக்கூஸ் வாசலில் ஒரு லைட் போட்டோம், ஊன்றுகோல் வாங்கிக் கொடுத்தோம், உதவித்தொகைக்கு வங்கி வரை கூட்டிப்போனோம். ஒரு மாதம் கழித்துப் போனால் லைட் எரிந்தது, பணம் வந்திருந்தது, ஊன்றுகோல் கொல்லையில் நட்டு ஆட்டுக்குட்டி கட்டியிருந்தது. ஏன் பயன்படுத்தவில்லை என்று கேட்டேன். நிலைப்படியில் கோல் தட்டுகிறது, ஒரு கையில் சொம்பு, ஒரு கையில் கோல் என்றால் பிடித்துக்கொள்ளக் கை இல்லை என்றார். "அப்ப என்ன செய்யலாம் பாட்டி?" பின்கதவில் இருந்து கக்கூஸ் வரை கையால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். இரண்டு மூங்கில் நட்டு, இடுப்பு உயரத்தில் நைலான் கயிறு கட்டினோம். அவரே ஒரு முறை அதைப் பிடித்துக்கொண்டு போய்வந்து, இன்னும் கொஞ்சம் கீழே இறக்கிக் கட்டச் சொன்னார்.